பெயரே தெரியாத வைஃபை: 2.4 கிகாஹெர்ட்ஸ் அணைந்திருக்கிறதா பாருங்கள்

வணக்கம். மஞ்சக்குப்பம் வீட்டில் ரவுட்டர் மாற்றியபின் மொபைலுக்கு வைஃபை கிடைக்கிறது, பழைய லேப்டாப்பில் அந்தப் பெயரே வருவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். பக்கத்து வீட்டு வைஃபை தெரிகிறது என்கிறீர்கள், அதனால் லேப்டாப்பின் வைஃபை கார்டு பழுதில்லை. விண்டோஸை மறுபடி போட்டுவிடாதீர்கள், வீண் வேலை.

வீட்டு வைஃபை பெரும்பாலும் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரு அலைவரிசைகளில் வரும். எனக்குப் படுவது, உங்கள் ரவுட்டர் 5இல் மட்டும் ஓடுகிறது. பழைய கார்டுகள் பலவற்றுக்கு 2.4 மட்டும்தான் எட்டும். விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர் (அதாவது கார்டு) பெயரைப் பாருங்கள். அதில் வைஃபை தலைமுறையைக் குறிக்கும் 802.11 பி/ஜி/என் என்று மட்டும் இருந்து 'ஏசி' இல்லாவிட்டால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

சரி, ரவுட்டரைக் கவிழ்த்தால் ஸ்டிக்கரில் முகவரி இருக்கும், பல ரவுட்டர்களில் 192.168.1.1. மொபைல் பிரவுசரில் அதை அடித்து உள்ளே போய், வயர்லெஸ் பகுதியில் 2.4ஐ இயக்கித் தனிப் பெயர் வையுங்கள். சேனலை (அலைவரிசையின் உட்பிரிவு) 1, 6, 11இல் ஒன்றாக வையுங்கள். 12, 13 சில பழைய கார்டுகளின் கண்ணில் படாது. பாஸ்வேர்டு பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ2 போதும், டபிள்யூபிஏ3 மட்டும் என்றிருந்தால் பெயர் தெரிந்தாலும் பழைய கார்டு சேராது.

2.4 இருப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. புதுச்சேரியில் எங்கள் பழைய வீட்டுச் சுவர் ஒன்றரை அடி கனம். கூடத்து ரவுட்டரின் 5 சமையலறைக்கு வராது, 2.4 வந்துவிடும். செய்து பார்த்துவிட்டு, கார்டின் பெயரையும் எழுதுங்கள்.