முசோலினி கிரீஸ்ல தோத்ததுக்கு சிப்பாய்ங்க மேல பழி போடலாமா?

கேள்வி: பி.ஏ. ஹிஸ்டரி படிக்கிறேன் சார். 1940ல இத்தாலி கிரீஸ்ல அடி வாங்கினது பத்தி செமினார் எடுக்கணும். இத்தாலிக்காரங்களுக்கு சண்டை போடத் தெரியாதுன்னு நெட்ல போட்டிருக்கான், அதையே வச்சு பேசிடலாமா?

பதில்: வேண்டாம் தம்பி, முதல் கேள்விலயே மாட்டிக்குவீங்க. தப்பு சிப்பாய்ங்க மேல இல்ல, மேல உக்காந்து முடிவு எடுத்தவர் மேல. 1940 அக்டோபர் மாச தேதிய மட்டும் போர்டுல வரிசையா எழுதுங்க, பாதி செமினார் முடிஞ்சுது.

மாச ஆரம்பத்துல இத்தாலி சர்வாதிகாரி முசோலினி சுமார் 6 லட்சம் சிப்பாய்ங்கள வீட்டுக்கு அனுப்ப உத்தரவு போட்டாரு. 12ம் தேதி வாக்குல ருமேனியாவுக்குள்ள ஜெர்மன் படை போன சேதி வருது, ஹிட்லர் நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேன்னு மனுஷனுக்கு ரோஷம், நான் கிரீஸ பிடிச்சத அவரு பேப்பர்ல படிச்சு தெரிஞ்சுக்கட்டும்னு மருமகன் சியானோகிட்ட சொல்றாரு (வெளியுறவு மந்திரியும் அந்த மருமகன்தான்). 15ம் தேதி கிரீஸ் மேல படையெடுக்கிறது பத்தி மீட்டிங், அதுக்கு கடற்படை, விமானப்படை தளபதிங்கள கூப்பிடவே இல்ல. 28ம் தேதி, இத்தாலி கைல இருந்த பக்கத்து நாடு அல்பேனியால இருந்து படையெடுப்பு. தரைப்படை, கடற்படை, விமானப்படை மூணு மந்திரி பதவியும் அவர்கிட்டயே இருந்துச்சு, அப்புறம் வேணாம்னு சொல்ல யாரு இருக்கா? தலைமைத் தளபதி படோலியோ மீட்டிங்ல பெருசா எதிர்த்துப் பேசல, கடைசில பதவி போனது அவருக்குத்தான்.

மழை, சேறு, நடுவுல வட கிரீஸோட பிண்டஸ் மலை. சாமான் இறக்க அல்பேனியால உருப்படியா ரெண்டே துறைமுகம், தூரஸும் வலோனாவும். பல்கேரியா நம்ம பக்கம் வரும், கிரீஸ் படை அந்த எல்லைலயே மாட்டிக்கும்னு கணக்கு போட்டாங்க, பல்கேரியா வரல, கிரீஸ் அந்தப் படையையும் இங்க திருப்பிடுச்சு. நவம்பர் 22ல கிரீஸ்காரங்க அல்பேனியாவுக்குள்ளயே புகுந்து கோர்ச்சா ஊர பிடிச்சுட்டாங்க. 1941 மார்ச்ல முசோலினி நேர்ல போய் நின்னு ஒரு தாக்குதல் நடத்தினாரு, அதுவும் ஊத்திக்கிச்சு. ஏப்ரல் 6ல ஜெர்மன் படை வந்துதான் கிரீஸ் விழுந்துச்சு.

அதுக்காக சர்வாதிகாரின்னாலே தோப்பான்னு எழுதிடாதீங்க. கிரீஸ ஆண்ட மெட்டாக்சாசும் சர்வாதிகாரிதான், ஆனா ராணுவத்துல திட்டம் போடுற வேலை பாத்தவரு, படைய நடத்தினது பாபாகோஸ் தளபதி.

இந்த கிரீஸ் சண்டையாலதான் ஹிட்லர் ரஷ்யா மேல லேட்டா படையெடுத்தாரான்னு யாராச்சும் கண்டிப்பா கேப்பாங்க. அந்த வருஷம் வசந்தத்துல அங்க ஆத்து வெள்ளம் வடிய லேட்டானதும் ஒரு காரணம்னு சொல்லி வைங்க, முழுசா ஆமாம்னு மட்டும் சொல்லிடாதீங்க.