சீஸ் பர்கர் ருசியில் மீட்லோஃப்: கேட்டதும் சொன்னதும்

மீட்லோஃப் என்றால் மின்ஸை, அதாவது கொத்துக்கறியை, பிரெட் வடிவில் பிடித்து ஓவனில் சுடுவது. அதைப் பற்றித் தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கமிருந்தும் ஜோபர்க் (ஜோஹன்னஸ்பர்க்) பக்கமிருந்தும் வந்த கேள்விகள். அளவெல்லாம் ஒரு கிலோ மின்ஸுக்கு.

சாட்ஸ்வொர்த்: எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி கிடையாது அக்கா. ஆட்டு மின்ஸில் வருமா?

தாராளமாக வரும். அமெரிக்காக்காரர்களுக்கு மாட்டிறைச்சிதான் வழக்கம், நம் வீடுகள் பலவற்றில் அது வாசல்படி ஏறாது. ஆட்டுக்கறிக்கு வாசம் கூடுதல், அதனால் கடுகு சாஸை ஒரு ஸ்பூன் ஏற்றிவிடுங்கள். கொழுப்பே இல்லாத மின்ஸ் வேண்டாம், வறண்டு போகும். ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பு இருக்கட்டும்.

பீனிக்ஸ்: ஒரு தடவை வெட்டும்போதே உதிர்ந்துவிட்டது, அடுத்த தடவை ரப்பர் மாதிரி. ஏன்?

உதிர்ந்ததற்குக் காரணம் பிரெட்டும் முட்டையும் போதாதது. ரப்பர் ஆனதற்குக் காரணம் உங்கள் கைதான் தம்பி, சப்பாத்தி மாவு மாதிரி பிசைந்திருப்பீர்கள். உப்பு சேர்ந்த கறியைப் பிசையப் பிசைய அதிலுள்ள புரதம் ஒன்றோடொன்று ஒட்டி இறுகும், சாசேஜுக்கு அது நல்லது, இதற்கு ஆகாது. நம்மூர் கொத்துக்கறிப் பண்டமான பபூட்டிக்குப் பிரெட்டைப் பாலில் ஊறவைப்பீர்கள் இல்லையா, அதே வேலைதான் இங்கேயும்: ஓரம் நீக்கிய வெள்ளை பிரெட் நாலு துண்டு, அரை கப் பால், கூழாகும்வரை ஊறட்டும். அதில் ரெண்டு முட்டை, வதக்கி ஆறவைத்த பெரிய வெங்காயம் ஒன்று, ஒன்றரை டீஸ்பூன் உப்பு, மிளகுத்தூள் எல்லாம் முதலில் கலந்துவிட்டு, கடைசியாகத்தான் கறி. விரல் நுனியால் புரட்டி, கலந்ததும் கையை எடுத்துவிடுங்கள். வெங்காயத்தைச் சூடாகக் கொட்டினால் கொழுப்பு அங்கேயே உருகத் தொடங்கிவிடும்.

லெனேசியா: மசாலா இல்லாமல் எப்படி அக்கா? கவிச்சி அடிக்காதா?

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும்! மசாலா போட்டால் அது நல்ல கைமாவாக இருக்கும், பர்கர் ருசி போய்விடும். பர்கர் என்றதும் எல்லோரும் சீஸைத்தான் நினைக்கிறார்கள், என்னைக் கேட்டால் அந்த ருசியே புளிப்பில்தான் இருக்கிறது. பொடியாக நறுக்கிய கெர்கின் (வினிகரில் ஊறிய வெள்ளரிப்பிஞ்சு) அரை கப், கடுகு சாஸ் ஒரு மேசைக்கரண்டி, ரெண்டும் கறிக்குள் போகட்டும், கவிச்சி தெரியாது. கெர்கினைப் பிழிந்துவிட்டுப் போடுங்கள். மேலே பூச அரை கப் தக்காளி சாஸ், ஒரு ஸ்பூன் வினிகர், சர்க்கரைக்குப் பதிலாக நம்மூர் இனிப்புப் பழச்சட்னியான மிஸஸ் பால்ஸ் சட்னி ரெண்டு ஸ்பூன். அமெரிக்காக்காரர்கள் செய்முறையில் இந்தச் சட்னி கிடையாது, நமக்கு இருக்கும்போது ஏன் விடவேண்டும்.

பீட்டர்மரிட்ஸ்பர்க்: உள்ளே வைத்த சீஸ் முழுக்க ஒழுகி ஓடிவிட்டது.

துருவிக் கலக்காதீர்கள். செடாரோ கௌடாவோ 200 கிராம், சின்னக் கட்டிகளாக வெட்டி நடுவில் மட்டும் வையுங்கள், எல்லாப் பக்கமும் ரெண்டு சென்டிமீட்டர் கறி மூடியிருக்கவேண்டும். நாள்பட்ட செடார் எண்ணெய் பிரிந்துவிடும், இளசாக வாங்குங்கள். மேலே போடும் சீஸ் கடைசிப் பத்து நிமிடத்தில் போதும்.

டர்பன்: எவ்வளவு நேரம் வேகவேண்டும்?

ஓவனில் 180 டிகிரி செல்சியஸ், ஏறக்குறைய ஒரு மணி நேரம். நேரத்தைவிட வெப்பமானியை நம்புங்கள்: சீஸில் படாமல் கறிக்குள் குத்தினால் 71 டிகிரி காட்டவேண்டும், கோழி மின்ஸ் என்றால் 74. எடுத்ததும் வெட்டாமல் பத்து நிமிடம் விடுங்கள், இல்லாவிட்டால் சாறெல்லாம் பலகையில்தான்.

சோவெட்டோ பக்கம் வேலைக்கு வந்த ஒரு தம்பி: கரண்ட் போய்விட்டால்?

மூடியுள்ள கெட்டில் பிராய் (உருண்டையான கரி அடுப்பு) இருந்தால் கவலையே இல்லை. கரியை ரெண்டு ஓரமும் ஒதுக்கி, தட்டை நடுவில் வைத்து மூடிவிடு. லேசான புகைவாசம் ஏறும், ஓவனில் செய்ததைவிட எனக்கு அதுதான் பிடிக்கும்.

டோங்காட்: புரட்டாசிக்கு சோயா மின்ஸில் செய்யலாமா?

முட்டையும் கூடாதே அம்மா, சோயா தானாக ஒட்டாது. கடலைமாவு போட்டுப் பிடிக்கவைக்கலாம், ஆனால் வடை ருசிதான் வரும். மாதம் முடியட்டும்.

ஜோபர்க்: மிச்சமானால்?

ஃபிரிட்ஜில் வைத்துக் குளிர்ந்தபின் விரல் கனத்துக்கு வெட்டி, தோசைக்கல்லில் ரெண்டு பக்கமும் முறுகவிட்டு, ரொட்டிக்குள் பச்சை வெங்காயத்தோடு சுருட்டிக் கொடுங்கள். மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.