தேர்தலில் நிற்காத லியோனர்ட் லியோ அமெரிக்க உச்ச நீதிமன்றத்தை மாற்றியது எப்படி?

லியோ ஒரு பழமைவாத வழக்கறிஞர். "அவர் பணத்தைக் கொட்டி நீதிபதிகளை வாங்கிவிட்டாரா?" என்று பலர் கேட்கிறார்கள். இல்லை. பெரிய பணம் அவர் கைக்கு வந்ததே கடைசியில்தான். அதற்கு முன் 30 ஆண்டுகள் அவர் பார்த்தது ஆள் தேடும் வேலை.

அமெரிக்காவில் நம் ஊர் போலக் கொலீஜியம் கிடையாது. அதிபர் பெயரைச் சொல்வார், செனட் வாக்கெடுத்து உறுதிசெய்யும். உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு ஓய்வு வயது இல்லை, ஆயுள் முழுக்கப் பதவி. 50 வயதுக்காரர் ஒருவரை அமர்த்திவிட்டால் 30 ஆண்டுகள் அவர் தீர்ப்பு எழுதிக்கொண்டிருப்பார். அதனால் எந்தப் பெயரை முன்மொழியலாம் என்று அதிபரிடம் சொல்லும் இடத்தில் இருப்பவரின் கை, அந்த அதிபரின் பதவிக்காலம் முடிந்த பிறகும் ஓங்கியே இருக்கும்.

பெடரலிஸ்ட் சொசைட்டி 1982-ல் சட்டக் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய சங்கம். லியோ கார்னெல் சட்டக் கல்லூரியில் படிக்கும்போது 1989-ல் அங்கே கிளை தொடங்கினார், 1991-ல் சங்கத்தின் முழுநேர ஊழியரானார். இந்தச் சங்கம் வழக்குப் போடாது, வேட்பாளரை ஆதரிக்காது. கல்லூரி தோறும் விவாதக் கூட்டம் நடத்தும், எதிர்க்கருத்து உள்ள பேராசிரியரையும் மேடையேற்றும். அங்கே தெளிவாகப் பேசும் மாணவர் கண்ணில் படுவார். படித்து முடித்ததும் பழமைவாத நீதிபதி ஒருவரிடம் ஓராண்டு கிளார்க் (தீர்ப்பு எழுத உதவும் சட்ட உதவியாளர்) வேலை, பிறகு மத்திய அரசின் நீதி அமைச்சகத்திலோ மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்திலோ பதவி, அதன்பின் மேல்முறையீட்டு நீதிமன்றம். ஒவ்வொரு படியிலும் அவர் என்ன எழுதினார், நெருக்கடியில் வளைந்து கொடுத்தாரா என்பது பதிவாகிக்கொண்டே வரும். உச்ச நீதிமன்றத்தில் இடம் காலியாகும்போது 20 ஆண்டு எழுத்து கையில் இருக்கும்.

இவ்வளவு எச்சரிக்கை ஏன் என்றால், பழமைவாதிகள் சூடு கண்டவர்கள். மூத்த புஷ் 1990-ல் டேவிட் சூட்டரை நியமித்தார். அவர் எழுத்தில் விட்டுவைத்திருந்தது கொஞ்சம்தான். 1992-ல் கேஸி வழக்கில் கருக்கலைப்பு உரிமையின் மையத்தைக் காப்பாற்றிய கூட்டுத் தீர்ப்பை எழுதிய ஓ'கானர், கென்னடி, சூட்டர் மூவருமே குடியரசுக் கட்சி அதிபர்கள் நியமித்தவர்கள். "இனி ஒரு சூட்டர் கூடாது" என்பது அன்றிலிருந்து அந்த வட்டாரத்தின் தாரக மந்திரம். இளைய புஷ் 2005 அக்டோபர் 3 அன்று ஹாரியட் மியர்ஸ் பெயரை அறிவித்தபோது சொந்தக் கட்சியிலேயே கொந்தளிப்பு எழுந்ததற்கும் காரணம் இதுதான்: அரசியல் சட்டம் பற்றி அவருடைய எழுத்து என்று காட்ட எதுவும் இல்லை. 24 நாளில் அவர் விலகினார். அடுத்து வந்தவர் அலிட்டோ.

2016 பிப்ரவரியில் ஸ்காலியா இறந்தார். ஒபாமா முன்மொழிந்த மெரிக் கார்லண்டுக்கு விசாரணையே வைக்காமல் செனட் பெரும்பான்மைக் கட்சித் தலைவர் மெக்கானல் இடத்தைக் காலியாக வைத்தார். பழமைவாதிகள் முழுதாக நம்பாத டிரம்ப், அதே ஆண்டு மே மாதம் அதிபர் வேட்பாளராக 11 பெயர்ப் பட்டியலை வெளியிட்டார். செப்டம்பரில் இன்னும் 10 பெயர் சேர்ந்தது. அந்தப் பட்டியலுக்குப் பின்னால் இருந்த முக்கியமான கை லியோ. வேட்பாளர் முன்கூட்டியே இப்படிப் பட்டியல் போட்டு வாக்குக் கேட்பது புதிது. டிரம்ப் அதிபரான பிறகு கோர்சச் (49 வயது), கவனா (53), பாரெட் (48) மூவரும் உள்ளே வந்தார்கள். இவர்களால் உருவான பழமைவாதப் பெரும்பான்மைதான் 2022 ஜூனில், கருக்கலைப்பை உரிமையாக்கிய ரோ தீர்ப்பையும், அரசு முகமைகளுக்குச் சாதகமாக இருந்த 1984 செவ்ரான் தீர்ப்பை 2024 ஜூனிலும் கவிழ்த்தது.

இனி பணம். ஜூடிஷியல் கிரைசிஸ் நெட்வொர்க் என்ற, லியோவின் கூட்டாளி அமைப்பு கார்லண்டுக்கு எதிராக 70 லட்சம் டாலர் செலவிட்டது, கோர்சச்சுக்கு ஆதரவாக 1 கோடி டாலர் பிரசாரம் அறிவித்தது. பெரிய தொகை 2021-ல் வந்தது. சிகாகோ தொழிலதிபர் பாரி சைட் தன் டிரிப் லைட் நிறுவனப் பங்குகளை விற்பனைக்கு முன்பே மார்பிள் ஃப்ரீடம் டிரஸ்ட் என்ற லாபநோக்கற்ற அமைப்பின் பெயருக்கு மாற்றினார்; அதன் தலைவர் லியோ. பிறகு ஈட்டன் நிறுவனம் டிரிப் லைட்டை 165 கோடி டாலருக்கு வாங்கியது. வரிசையைக் கவனியுங்கள். சைட் விற்றுவிட்டுக் கொடுத்திருந்தால் மூலதன ஆதாய வரி போயிருக்கும். மார்பிள் விற்றதால் அந்த வரி இல்லை. இத்தனையும் சட்டப்படி சரி, எனக்கு உறுத்துவதும் அதுவே. 2022 ஆகஸ்டில் செய்தியாளர்கள் தோண்டி எடுத்திருக்காவிட்டால் கொடுத்தவர் பெயர் வாக்காளருக்குத் தெரிந்திருக்காது.

ஆனால் லியோ ஆட்டுவித்தபடி நீதிபதிகள் ஆடுகிறார்கள் என்று எழுதுபவர்கள் தவறு செய்கிறார்கள். அவர் தேர்ந்தெடுத்தது சட்டக் கொள்கை பார்த்து, தலைவர் விசுவாசம் பார்த்து அல்ல. 2025 மே 28 அன்று சர்வதேச வர்த்தக நீதிமன்றம் டிரம்பின் இறக்குமதி வரிகளை ரத்து செய்தது. அமர்வின் மூவரில் ஒருவர் டிரம்ப் நியமித்தவர். மறுநாளே டிரம்ப் லியோவைப் பெயர் சொல்லிக் கடுமையாகத் திட்டினார்.

நீங்களே பணத்தின் தடம் பிடிக்க வேண்டுமானால், இந்த அமைப்புகள் ஆண்டுதோறும் வரித்துறையில் தாக்கல் செய்யும் 990 படிவம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். நேராக 'ஐ' அட்டவணைக்குப் போங்கள்: யாருக்கு எவ்வளவு மானியம் தந்தார்கள் என்று பெயரோடு இருக்கும். ஏழாம் பகுதியில் அதிகம் சம்பாதித்த ஐந்து ஒப்பந்ததாரர்கள் இருப்பார்கள். லியோ தலைமை வகிக்கும் சிஆர்சி அட்வைசர்ஸ் என்ற ஆலோசனை நிறுவனத்தை அங்கே தேடுங்கள். கொடுத்தவர் பெயர் இருக்க வேண்டிய 'பி' அட்டவணை பொதுமக்கள் பிரதியில் மறைக்கப்பட்டிருக்கும். மார்பிள் போன்ற 501(சி)(4) அமைப்புகள் (சமூக நல அமைப்பு என்ற வகையில் வரிவிலக்கு பெற்றவை) 2020 விதிப்படி வரித்துறைக்கே அந்தப் பெயர்களைத் தர வேண்டியதில்லை.

பலர் வழுக்குவது இரண்டு இடத்தில். முதலாவது பெயர். லியோ வட்டாரத்தின் '85 ஃபண்ட்' என்பது முன்பு ஜூடிஷியல் எஜுகேஷன் புராஜெக்டாக இருந்த அதே அமைப்பு. 'ஆனஸ்ட் எலெக்ஷன்ஸ் புராஜெக்ட்' அதன் பதிவுசெய்த மாற்றுப்பெயர். மாற்றுப்பெயரில் தேடினால் படிவம் கிடைக்காது, வரித்துறை தரும் அடையாள எண்ணை வைத்துத் தேட வேண்டும். இரண்டாவது கூட்டல். 'அ' அமைப்பு 'ஆ'வுக்கும், 'ஆ' அமைப்பு 'இ'க்கும் கொடுத்த அதே பணத்தை இரண்டாக எண்ணி "இத்தனை கோடி" என்று எழுதிவிடுவார்கள்.

இதற்கு மேல் காலதாமதம். பாரெட்டின் பெயர் அறிவிக்கப்பட்டது 2020 செப்டம்பர் 26, செனட் உறுதிசெய்தது அக்டோபர் 26. அந்த ஒரு மாதத்தில் விளம்பரத்துக்குப் போன பணத்தை, டிசம்பரில் கணக்கு முடிக்கும் ஓர் அமைப்பு, நீட்டிப்பு வாங்கிக்கொண்டால் 2021 நவம்பர் 15 வரை காட்டாமல் இருக்கலாம்.