போர்தோ சிவப்பு வைனைப் பல ஆண்டுகள் காத்திருந்து குடிப்பது ஏன்?

பாட்டிலில் அடைத்த பிறகும் ஒரு வைன் எத்தனை ஆண்டு மெருகேறிக்கொண்டே போகும் என்பதுதான் அதன் முதிரும் திறன். பிரான்சின் போர்தோ பகுதியில், போயாக் ஊரைச் சுற்றிக் கேபர்னே சோவிஞ்ஞோன் திராட்சையை முதன்மையாக வைத்துச் செய்யும் வைன்கள் இதற்கு நல்ல உதாரணம். அங்குள்ள ஷாத்தோ லத்தூர் என்ற திராட்சைத் தோட்டத்தின் 1982 அறுவடை வைனை நாற்பது ஆண்டு கழித்தும் ரசித்துக் குடிக்கிறார்கள்.

காரணம் டானின். திராட்சையின் தோலிலும் விதையிலும் இருக்கும் துவர்ப்புப் பொருள் அது. கேபர்னே பழம் சிறியது, தோல் தடிமன். அதனால் டானின் அதிகம். இளசாக இருக்கும்போது குடித்தால், பச்சை வாழைக்காயைக் கடித்ததுபோல் நாக்கும் ஈறும் இழுத்துப் பிடிக்கும். நாளாக நாளாக டானின் தங்களுக்குள்ளும் நிறப் பொருளோடும் இணைந்து, ஒரு பகுதி அடியில் வண்டலாகப் படியும். துவர்ப்பு தணியும். கருஞ்சிவப்பு மெல்லச் செங்கல் நிறத்துக்கு மாறும். பழ வாசனை பின்னே போய், புகையிலை, பதப்படுத்திய தோல், காய்ந்த இலை என்று வேறு வாசனைகள் எழும். எனக்கு இந்த மாற்றம்தான் இதில் பேரழகு. இத்தனை காலம் வைனைத் தாங்கிப் பிடிப்பதில் புளிப்புக்கும் பங்கு உண்டு.

மாவடுவை நினைத்துப் பாருங்கள். போட்ட புதிதில் துவர்க்கும், ஊற ஊறத்தான் ருசி. ஆனால் வடுவும் நல்லதாக இருக்க வேண்டும், ஜாடியும் நிழலில் இருக்க வேண்டும். வைனுக்கும் சுமார் 12 டிகிரி குளிர்ச்சி, இருட்டு, அப்புறம் கார்க் காயாதபடி படுக்கவைத்த பாட்டில் தேவை.

பழசானால் எந்த வைனும் நன்றாகிவிடும் என்பது தவறு. பெரும்பாலான வைன்கள் சில ஆண்டுகளுக்குள் குடிக்கவே செய்யப்படுகின்றன, போஜொலே நூவோ என்ற பிரெஞ்சு இளம் சிவப்பு வைன் அறுவடையான அதே ஆண்டு நவம்பரிலேயே கடைக்கு வந்துவிடும்.