படுத்தே இருக்கவா, ஸ்கேன் எடுக்கவா?

கேள்வி: பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கிறேன். வயது 38. மூன்று வாரமாக அடிமுதுகில் வலி. குனிந்தால் பிடித்துக்கொள்கிறது, சில நாள் வலது தொடை வரை இழுக்கிறது. மெடிக்கலில் வாங்கும் வலி மாத்திரை போட்டால்தான் ஷிப்ட் ஓடுகிறது. மாமியார் அசையாமல் படுக்கச் சொல்கிறார். வீட்டுக்காரர் ஸ்கேன் எடுத்துவிடலாம் என்கிறார். என்ன செய்வது?
— வாசகி, திருப்பூர்

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம், அம்மா. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் தசைப்பிடிப்பு போலத்தான் தெரிகிறது. பெரும்பாலும் ஆறு வாரத்துக்குள் தணிந்துவிடும். படுத்தே கிடந்தால் தசை இன்னும் இறுகும். வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், தாங்குகிற அளவுக்கு நடங்கள்.

ஸ்கேன் விஷயம் கேளுங்கள். முதுகுவலியே இல்லாத 40 வயதுக்காரர்களை எடுத்தாலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு 'டிஸ்க் பிதுங்கியிருக்கிறது' என்றுதான் ரிப்போர்ட் வரும். அதைப் படித்துவிட்டுக் குனியவே பயப்படுகிறவர்கள் என்னிடம் நிறைய வருகிறார்கள்.

வலி முழங்காலைத் தாண்டிப் பாதம் வரை ஷாக் அடித்ததுபோல் இறங்குகிறதா? சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலால் நாலு அடி நடங்கள், அப்புறம் நுனிக்காலால். ஒரு பாதம் தொய்ந்தால் நரம்பு அழுந்தியிருக்கலாம். மறுநாளே மருத்துவரிடம் போய்விடுங்கள்.

இன்னொன்று, பெண்கள் சொல்லக் கூசுவது. சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, தெரியாமலே போய்விட்டாலோ, உட்காரும் இடமும் தொடையிடுக்கும் மரத்துப்போனாலோ, நடுராத்திரியானாலும் பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கிளம்புங்கள். முதுகெலும்பின் அடியில் இருக்கும் நரம்புக் கொத்து நசுங்குவதால் இப்படி ஆகும். தாமதித்தால் அந்தக் கட்டுப்பாடு திரும்பாமலே போகலாம். 'பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான்' என்று தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு, படுத்தாலும் விடாத ராத்திரி வலி இருந்தாலும் காட்ட வேண்டும். முதுகெலும்பிலும் டி.பி. வரும், இருமல் இல்லாமலே. அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். விழுந்து அடிபட்டு வந்த வலியையும் தள்ளிப்போடக் கூடாது.

எனக்குக் கவலை அந்த மாத்திரைதான். நாள்தவறாமல் போட்டால் வயிற்றில் புண் வரும், சிறுநீரகமும் கெடலாம். நிறுத்துங்கள். அது இல்லாமல் முடியவில்லை என்றால், சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள்தானே, அந்த டிஸ்பென்சரியில் காட்டிக் கேளுங்கள். ஸ்டூலைப் பெடலுக்குப் பக்கமாக இழுத்துப் போடுங்கள். பண்டில் மாற்றும்போதெல்லாம் எழுந்து நின்று இடுப்பைப் பின்னால் வளைத்து நிமிருங்கள். ஆறு வாரம் கழித்தும் இதே வலி என்றால் நேரில் ஒரு மருத்துவரைப் பாருங்கள்.