கருவிழியில பூஞ்சைப் புண்: கேளுங்க, சொல்றேன்

கேள்வி: டாக்டர், அப்பா கண்ணுல இலை கிழிச்சு பூஞ்சைன்னு சொல்லி நாடாமைசின் குடுத்தாங்க. அஞ்சு நாளாச்சு, வெள்ளை அப்படியே இருக்கு. மருந்தை மாத்தணுமா?

பதில்: அவசரப்படாதீங்க. பூஞ்சை மெதுவாத்தான் அடங்கும், வாரக்கணக்குல ஆகும். நாடாமைசின் 5% கரையாத மருந்து, பாட்டில் அடியில தங்கிடும், குலுக்காம விட்டா வெறும் தண்ணிதான் விழும். ஆழமாவும் இறங்காது, அதான் ஆரம்பத்துல ராத்திரி பகல் பாக்காம மணிக்கு ஒரு சொட்டு விடச் சொல்றோம். அந்த வெள்ளையில கொஞ்சம் புண்ணு மேல ஒட்டின மருந்தாவும் இருக்கலாம், ஸ்லிட் லாம்ப்ல, அதாவது கண்ண பெருசாக்கிக் காட்டற மைக்ராஸ்கோப்புல, பாத்தாதான் தெரியும். நாங்க பாக்கறது வெள்ளைய இல்ல, இறகு மாதிரி பிரிஞ்சிருந்த ஓரம் மழுங்குதா, புண்ணு பரவாம நிக்குதா, அதைத்தான்.

கேள்வி: வோரிகோனசோல் புது மருந்தாச்சே, அது பெட்டர் இல்லையா சார்?

பதில்: எல்லாரும் அப்படித்தான் நெனச்சோம். தென்னிந்தியாவுல 323 பேர வச்சு ரெண்டு சொட்டு மருந்தையும் ஒப்பிட்டாங்க, 2013ல ரிசல்ட் வந்துச்சு, பழைய நாடாமைசின்தான் ஜெயிச்சது, அதுவும் ஃபியூசேரியம்ங்கற பூஞ்சை வகைன்னா வித்தியாசம் ரொம்பத் தெளிவு. கேண்டிடாங்கற ஈஸ்ட் வகைப் பூஞ்சை வேற கதை, அதுக்கு ஆம்போடெரிசின் 0.15% சொட்டு மருந்து. அதனாலதான் புண்ண லேசா சுரண்டி எடுத்து, கேஓஹெச் (மைக்ராஸ்கோப்புல பூஞ்சை தெரியுதான்னு பாக்கற டெஸ்ட்), கல்ச்சர் (லேப்ல வளர்த்து எந்த வகைன்னு பாக்கறது) ரெண்டும் பாக்கறோம், சுரண்டினா மருந்தும் கொஞ்சம் நல்லா உள்ள போகும்.

கேள்வி: மாத்திரையும் சேத்து சாப்பிட்டா சீக்கிரம் ஆறுமா?

பதில்: எல்லாருக்கும் தேவையில்ல. வோரிகோனசோல் மாத்திரை சேத்தும் கண்ணு ஓட்டையாகறது குறையலைன்னு 2016ல இன்னொரு ஆய்வு சொல்லுது. புண்ணு ரொம்ப ஆழம்னா டாக்டர் யோசிச்சு குடுப்பாங்க, அப்போ லிவர் டெஸ்ட் பாத்துக்கணும்.

கேள்வி: மெடிக்கல்ல ஒரு டிராப்ஸ் குடுத்தாங்க, முதல்ல சிவப்பு குறைஞ்சுது, இப்போ வலி தாங்கல மேல வெள்ளைப் புள்ளி வேற.

பதில்: அந்த பாட்டில்ல டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன்னு ஏதாவது போட்டிருக்கான்னு பாருங்க. இதெல்லாம் ஸ்டீராய்டு, சிவப்ப அமுக்கிடும், அடியில பூஞ்சை ஜாலியா வளரும், இது எனக்கு கோவமே வர்ற விஷயம். இன்னைக்கே கண் டாக்டர்ட்ட போங்க, பாட்டிலையும் எடுத்துட்டுப் போங்க.

கேள்வி: வலி போயிடுச்சு, சொட்டு மருந்த நிறுத்தலாமா?

பதில்: கூடாது. மேல்தோல் மூடினாலும் உள்ள பூஞ்சை உயிரோட இருக்கும். டாக்டர் படிப்படியா குறைப்பாங்க. நடுவுல திடீர்னு பார்வை மங்கினாலோ சூடா தண்ணி வழிஞ்சாலோ ஓட்டை விழுந்திருக்கலாம், கண்ண அழுத்தாம உடனே எமர்ஜென்சிக்கு ஓடுங்க, கருவிழி மாத்த வேண்டி வரலாம்.