தீர்ப்பைக் கடவுளிடம் விடுவது என்றால் வாய்மூடி இருப்பதா?

தீங்கு செய்தவரைக் கடவுள் பார்த்துக்கொள்வார், பொறுமையாக இரு என்கிறார்களே, அப்படியானால் எதுவுமே பேசக் கூடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். பேசலாம். உன் சகோதரன் குற்றம் செய்தால் தனியாகப் போய் அவனிடமே எடுத்துச் சொல் என்கிறது பைபிளில் மத்தேயு 18:15. “இந்த ஆள் அவ்வளவுதான்” என்று முடிவு கட்டுவதுதான் நம் வேலை இல்லை.

ஏன் என்பதற்கு மத்தேயு 13-இல் வரும் களைகளின் உவமையைப் பாருங்கள். கோதுமைக்கு நடுவே முளைத்த களைகளைப் பிடுங்கட்டுமா என்று வேலைக்காரர்கள் கேட்கிறார்கள். வேண்டாம், கோதுமையும் சேர்ந்து வந்துவிடும், அறுப்பு வரை இரண்டும் வளரட்டும் என்கிறார் எஜமான். ஆதி கிறிஸ்தவ சபையைத் துன்பப்படுத்திய சவுல்தான் பின்னாளில் மனம் மாறி அப்போஸ்தலன் பவுல் ஆனார்; அவரை அன்றைக்கே களை என்று பிடுங்கி எறிந்திருந்தால், பவுல் நமக்குக் கிடைத்திருப்பாரா? அந்தப் பவுல்தான் பிற்பாடு, கர்த்தர் வருமுன்னே தீர்ப்புச் சொல்லாதீர்கள் என்று கொரிந்தியருக்கு எழுதினார் (1 கொரிந்தியர் 4:5).

அப்புறம், குற்றம் நடந்திருந்தால் காவல்துறையிடம் போவது பொறுமையின்மை ஆகாது. பழிவாங்காதே என்று ரோமர் 12 சொல்கிறது, சரி. அடுத்த அதிகாரமே தீமை செய்பவரைத் தண்டிக்கும் பொறுப்பு ஆளும் அதிகாரத்துக்கு உண்டு என்கிறது.